அக்கி என்றால் அரிசி

எங்கள் ஸ்கேன் சென்டரில் ஒருவரை மூச்சைப் பிடிக்கச் சொல்ல எனக்கு நான்கு மொழி வேண்டும். தமிழ், கன்னடம், தெலுங்கு, போதாக்குறைக்கு இந்தி. மிஷினுக்குள் பதிவு செய்து வைத்த குரல் ஒன்று இருக்கிறது. அது பேசும் தமிழைக் கேட்டால் மூச்சை இழுக்கவும் தோன்றாது, விடவும் தோன்றாது. அதை அணைத்துவிட்டு மைக்கில் நானே கத்துவேன். ஓசூரில் பதினான்கு வருடமாக சி.டி. ஸ்கேன் டெக்னீஷியனாக இருக்கிறேன். ஆளைப் படுக்க வைப்பது, ஊசி ஏற்றுவது, படம் எடுப்பது, அதை ஒழுங்குபடுத்தி டாக்டருக்கு அனுப்புவது என் வேலை. படத்தைப் பார்த்து இன்னது என்று எழுதுவது டாக்டர் வேலை. இந்தக் கோட்டை நான் தாண்டியதே இல்லை என்று சொன்னால், கூட வேலை பார்ப்பவர்கள் சிரிப்பார்கள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

ரிப்போர்ட் எழுதும் டாக்டர் கன்னடக்காரர், பெங்களூரில் வீடு. மற்ற நாட்களில் வீட்டிலிருந்தே நெட் வழியாகப் படம் பார்த்து ரிப்போர்ட் அனுப்புவார். புதனும் சனியும் நேரில் வந்து அல்ட்ராசவுண்ட் பார்ப்பார். கெட்டிக்காரர், கோபக்காரர். எங்களுக்குள் முதலில் வந்த சண்டை படத்தின் அளவைப் பற்றியது. வயிற்றை எடுக்கும்போது உடம்பைச் சுற்றி எதுவரை படத்தில் வர வேண்டும் என்று திரையில் ஒரு வட்டம் போட வேண்டும். வட்டத்தை இறுக்கினால் கல்லீரலும் குடலும் பெரிதாகத் தெரியும். விரித்தால் உடம்பு நடுவில் சின்னதாக நிற்கும், சுற்றிலும் கறுப்பு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் விரித்து எடுத்து அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டு, ஆளை அனுப்பும்மா, மைதானத்தை அனுப்பாதே என்று போனில் எரிந்து விழுந்தார். அன்று முதல் வட்டத்தை இறுக்கப் பழகினேன். பழகிப் பழகி, ஓரத்தில் தோல் வெட்டுப்பட்டால் படட்டும் என்ற அளவுக்கு இறுக்குவேன். வயிற்றுக்குள் இருப்பதைப் பார்க்கத்தானே இங்கே வருகிறார்கள், தோலைத்தான் யார் வேண்டுமானாலும் கண்ணால் பார்க்கலாமே என்பது என் நியாயம்.

அந்த அக்கா ஒரு வியாழக்கிழமை காலையில் வந்தார். பாரூர் பக்கத்து ஊர். வயல் வேலை செய்துகொண்டிருந்த குடும்பம், பிள்ளைகள் படிப்புக்காக ஓசூர் வந்து சிப்காட் பக்கத்தில் வாடகைக்கு இருந்தார்கள். அவர் வண்டிகளுக்கு வயர் கட்டும் கம்பெனியில் வேலை. கணவர் கம்பெனி ஆட்களை ஷிப்டுக்கு ஏற்றி இறக்கும் வேன் ஓட்டுபவர். அக்காவுக்கு ஒன்றரை வருடத்துக்கு முன் இரைப்பையில் புற்றுநோய் வந்து, பெங்களூரில் முக்கால் இரைப்பையை எடுத்திருந்தார்கள். ஊசி மருந்தெல்லாம் முடிந்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுத்துக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். அப்படித்தான் எனக்குப் பழக்கம்.

அன்று அவருக்கு ஒரே கவலை, திங்கட்கிழமை. ஸ்கேனில் ஒன்றுமில்லை என்று வந்தால் திங்கள் முதல் ஷிப்டில் திரும்பச் சேர்ந்துகொள்ளலாம் என்று கம்பெனியில் சொல்லியிருந்தார்கள். வீட்டிலேயே உட்கார்ந்து உட்கார்ந்து பைத்தியம் பிடிக்கிறது என்றார். கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது, அன்றைக்கு வீட்டு டிவி வயரை எல்லாம் கழற்றிச் சீராகக் கட்டி வைத்தேன், அப்புறம் டிவி வரவில்லை என்று சொல்லிச் சிரித்தார்.

கவுன் மாற்றும்போதுதான் பார்த்தேன். முதுகின் இடப்பக்கத்தில் தொடங்கி விலாவைச் சுற்றி வயிற்றின் முன்பக்கம்வரை ஒரு சாண் அகலத்துக்குக் காவி அப்பியிருந்தது. அக்கி என்றார். ஊருக்குப் போய்க் குயவர் வீட்டில் எழுதிக்கொண்டாராம். காவி மண்ணைக் குழைத்துக் கோழி இறகால் எழுதுவார்கள். மூன்று ஞாயிற்றுக்கிழமை எழுதியாகிவிட்டது, அக்கி இரண்டு பக்கமும் சுற்றிவந்து முட்டிக்கொண்டால்தான் ஆபத்து, எனக்கு முட்டவில்லை என்று நிம்மதியாகச் சொன்னார். இந்தப் பக்கம் யாருக்கு அக்கி வந்தாலும் இதுதான் முதல் வைத்தியம். என் வீட்டிலும் அப்படித்தான். அதனால் நான் ஆச்சரியப்படவில்லை. கழுவ வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ஸ்கேனுக்கு முன் ஒரு படிவத்தில் நோயாளியின் விவரத்தை ஆங்கிலத்தில் எழுத வேண்டும். டாக்டர் அதைப் பார்த்துத்தான் படத்தைப் படிப்பார். இரைப்பை ஆபரேஷன் பற்றி எழுதிவிட்டு, அடுத்த வரியில் ஆங்கில எழுத்தில் அக்கி, இடப்பக்கம் என்று எழுதினேன். அதற்கு ஆங்கிலத்தில் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். வெளியே ஆறு பேர் உட்கார்ந்திருந்தார்கள், சோம்பல், எழுதவில்லை.

படம் வந்தது. இடப்பக்க ஓரத்தில் வெள்ளையாக ஒரு பட்டை இழுத்திருந்தது. காவி மண்ணில் இரும்பு உண்டு, மேலே பூசினால் ஸ்கேனில் வெள்ளையாக விழும். அட, இந்தக் காவிதான் என்று நினைத்தேன். இதை அப்படியே அனுப்பினால் இது என்ன அழுக்கு என்று டாக்டர் ஒரு பாட்டம் பாடுவார். வட்டத்தை இன்னும் ஒரு சுற்று இறுக்கினேன். வெள்ளைப் பட்டை வெளியே போயிற்று, தோலும் அதனோடு போயிற்று. உள்ளே எல்லாம் பளிச்சென்று பெரிதாகத் தெரிந்தது. அழகான படம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு அனுப்பினேன்.

சனிக்கிழமை பத்தரை மணி வாக்கில் அக்காவும் கணவரும் ரிப்போர்ட் வாங்க வந்தார்கள். கவுன்ட்டரில் இருக்கும் பெண் அன்று லீவு, நான்தான் எடுத்துக் கொடுத்தேன். கொடுப்பதற்கு முன் ஒரு பார்வை பார்ப்பது வழக்கம். நோய் திரும்பி வந்ததற்கான அடையாளம் எதுவும் இல்லை என்று கடைசியில் இருந்தது. நல்லது என்று மடிக்கப் போனேன். முதல் வரி கண்ணில் பட்டது. இரைப்பை ஆபரேஷன் ஆனவர், அரிசி உணவு சாப்பிட்டால் இடப்பக்கம் தொந்தரவு.

அரிசி எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரியவில்லை. டாக்டரிடம் போனில் ஏதாவது சொன்னீர்களா என்று அக்காவைக் கேட்டேன். எனக்கு எந்த டாக்டரையும் தெரியாதே என்றார். படிவத்தை எடுத்துப் பார்த்தேன். என் கையெழுத்தில் அக்கி, இடப்பக்கம். அங்கேயே நின்று சிரித்தேன். கன்னடத்தில் அக்கி என்றால் அரிசி. வீட்டில் தினமும் அக்கி ரொட்டி சாப்பிடுகிற மனிதர் வேறு என்னவென்று படிப்பார். இரைப்பை இல்லாத அம்மா, சோறு தின்றால் பக்கத்தில் வலிக்கிறது போல என்று அவரே ஒரு கதை கட்டி எழுதிவிட்டார். அக்காவிடம் சொன்னேன். அவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நான் சோற்றைக் கண்ணால் பார்த்தே வருடம் ஆகிறது, அது மேலே போய் ஏன் பழி போடுகிறார் என்றார்.

சிரித்து முடித்துவிட்டு, போகிற போக்கில்தான் சொன்னார்.

"காவிய கழுவிட்டேம்மா. ஆனா அக்கி போவல."

"எரியுதாக்கா?"

"எரியவும் இல்ல, நோவவும் இல்ல. அந்த எடத்துல தோலே என்னுது இல்லாத மாதிரி இருக்குது."

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. ஏனென்றால் எனக்கும் ஒருமுறை அக்கி வந்திருக்கிறது. மிளகாயை அரைத்துத் தேய்த்த மாதிரி எரியும். மேலே துணி பட முடியாது, மின்விசிறிக் காற்றுப் பட முடியாது. பத்துப் பதினைந்து நாளில் காய்ந்து பொருக்கு உதிர்ந்துவிடும். மூன்று ஞாயிற்றுக்கிழமைக்கு மேல் ஆகியும் போகாமல், வலிக்கவும் செய்யாமல் இருப்பது அக்கியே இல்லை. உடை மாற்றும் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். காவி இல்லாமல் இப்போதுதான் பார்க்கிறேன். தோல் மங்கிய சிவப்பாக, ஆரஞ்சுப் பழத் தோல் மாதிரி புள்ளி புள்ளியாக இருந்தது. கிள்ளித் தூக்கப் பார்த்தேன், தூக்க வரவில்லை. விரலை வைத்து நகர்த்தினால் அடியில் பட்டாணி பட்டாணியாகத் தட்டுப்பட்டது. கொப்புளம் என்று ஒன்றுகூட இல்லை.

வியாழக்கிழமை நான் வெட்டியது காவியை மட்டுமல்ல என்று அந்த அறையில்தான் உறைத்தது. டாக்டருக்குத் தோலைப் பற்றிச் சொல்ல வேண்டிய வார்த்தையை அரிசியாக்கி அனுப்பினேன், பார்க்க வேண்டிய தோலைப் படத்திலிருந்தே எடுத்தேன். இரண்டும் என் கை. ஒன்றுமில்லை என்ற காகிதம் அக்காவின் கையில் இருக்கிறது, அதை நம்பி அவர் திங்கட்கிழமை ஷிப்டுக்குப் போவார், பெங்களூர் டாக்டரும் அதைப் பார்த்துவிட்டு ஆறு மாதம் கழித்து வரச் சொல்வார். ஆறு மாதம். நான் அவரிடம், அக்கா, ஒரு மணி நேரம் உட்காருங்கள், படத்தில் ஒரு சின்ன வேலை பாக்கி இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். ரிப்போர்ட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். நான் அனுப்பிய படத்தில் வெட்டுப்பட்டது வெட்டுப்பட்டதுதான், அதைப் பிறகு விரிக்க முடியாது. ஆனால் மிஷின் முதலில் எடுத்த முழு விவரம் அதன் டிஸ்க்கில் சில நாள் இருக்கும். அதிலிருந்து எப்படி வேண்டுமானாலும் புதிதாகப் படம் செய்துகொள்ளலாம். இடம் நிரம்ப நிரம்பப் பழையது தானாக அழியும். நெடுஞ்சாலையில் அடிபட்டு வருகிறவர்கள் எங்களிடம்தான் வருகிறார்கள், எங்கள் டிஸ்க்கில் மூன்று நாள் தாங்கினால் அதிகம். அது போதாதென்று அன்று மதியம் மிஷின் சர்வீஸுக்கு ஆள் வருவதாக இருந்தது. அவர் வந்ததும் செய்கிற முதல் வேலை டிஸ்க்கைத் துடைப்பது.

ஓடினேன். நான் ஓடி யாரும் பார்த்ததில்லை, உடம்பு அப்படி. பட்டியலில் கீழே கீழே போய்க் கடைசிக்கு மேல் நாலாவதாக அக்காவின் ஸ்கேன் இருந்தது. அழியாமல் பூட்டு போட்டேன். அதற்குள் இரண்டு சக்கர வண்டியிலிருந்து விழுந்த ஒருவரை ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு வந்தார்கள், தலை ஸ்கேன். அவரை விட்டுவிட்டு இதைப் பார்க்க முடியுமா. கை அவர் தலையில், மனசு இங்கே. அவரை முடித்து அனுப்பிவிட்டு வந்து உட்கார்ந்து, வட்டத்தை மிஷின் அனுமதிக்கும் கடைசி அளவுவரை விரித்தேன்.

மைதானம் வந்தது. நடுவில் அக்கா, சுற்றிலும் கறுப்பு. வலப்பக்கத் தோல் நூல் மாதிரி மெல்லிசாக இருந்தது. இடப்பக்கம் வெளியே காவி ஒரு மெல்லிய வெள்ளைக் கோடு. அந்தக் கோட்டுக்கு உள்ளே, அதிலிருந்து வேறாக, தோல் தடித்துக் கிடந்தது. முதுகிலிருந்து விலாவைச் சுற்றி முன்பக்கம்வரை அதே தடிப்பு. அதற்கும் கீழே கொழுப்பில் சின்னச் சின்ன மணிகள். ஏற்றிய மருந்தை அவை குடித்து வெளிறித் தெரிந்தன. காவி மருந்தைக் குடிக்காது. ஒரே வெள்ளை என்று நான் நினைத்தது இரண்டு வெள்ளை.

டாக்டர் பக்கத்து அறையில் இருந்தார். வாசலில் கர்ப்பிணிப் பெண்கள் வரிசை. உள்ளே போய், வியாழக்கிழமை ஸ்கேனை ஒரு தடவை பாருங்கள் என்றேன். தலையைத் தூக்காமலே, ரிப்போர்ட் சைன் ஆகிவிட்டது என்றார். தோலில் ஏதோ இருக்கிறது என்றேன். தோலுக்குத் தோல் டாக்டர் இருக்கிறார், இரைப்பைப் புற்று ஈரலுக்குப் போகும், வயிற்றுச் சவ்வுக்குப் போகும், தோலுக்கா போகும், நோடும்மா, வெளியே எத்தனை பேர் பார் என்று கையைக் காட்டினார். வேறு நாளாக இருந்தால் நானும் வாய்க்கு வாய் கொடுத்து, கதவை அறைந்துவிட்டு வந்திருப்பேன். அன்று கோபம் வரவில்லை. வந்தால் காரியம் கெடும் என்று தெரிந்தது.

"சார், நீங்க கவனிக்காம விடல. நான் வெட்டிட்டேன். நான் எழுதுனது அரிசி இல்ல, சர்ப்பசுத்து."

சர்ப்பசுத்து என்பதுதான் அக்கிக்குக் கன்னடத்தில் பெயர். அந்த வார்த்தையைக் கேட்டதும் கையிலிருந்த கருவியை வைத்துவிட்டு எழுந்தார். என் அறைக்கு வந்து திரையைப் பார்த்தார். உட்காரவில்லை. மேலும் கீழுமாக உருட்டினார், வலப்பக்கத்தைப் பார்த்தார், இடப்பக்கத்தைப் பார்த்தார், மறுபடி வலப்பக்கம். பிறகு அந்த அம்மாவை என் அறைக்குக் கூட்டிவா என்று மட்டும் சொன்னார்.

அதற்குள் வெளியே அக்காவின் கணவர் பொறுமை இழந்துவிட்டார். அவருக்கு ஒரு மணிக்கு வேன் எடுக்க வேண்டும். ஒண்ணுமில்லைன்னு எழுதிட்டாங்கதானே, அப்புறம் எதுக்கு உட்கார வைக்கறீங்க, எங்களுக்கு வேற பொழப்பு இல்லியா என்று சத்தம் போட்டார். நியாயம்தான். ஒரு ஸ்கேன் முடிந்து நல்ல வார்த்தை கேட்டவரை மறுபடி உள்ளே இழுக்கிறோம். நான் பதில் சொல்வதற்குள் அக்காவே எழுந்துவிட்டார். வேனை வேறு ஆளை எடுக்கச் சொல்லு, நான் பார்த்துட்டு வரேன் என்று அவரிடம் சொன்ன தொனியில் அவர் அடங்கி உட்கார்ந்தார்.

கழுத்தில் தைராய்டு பார்க்கிற சின்னக் கருவியை எடுத்து டாக்டர் அக்காவின் விலாவில் வைத்தார். தோலுக்கு அடியில் இருப்பதைப் பெரிதாகக் காட்டுவது அது. திரையில் கறுப்பு மணிகள் ஒவ்வொன்றாக வந்தன. ரத்த ஓட்டம் பார்க்கும் பொத்தானை அழுத்தினார். மணிகளுக்குள் சிவப்பும் நீலமுமாகத் துடித்தது. வெறும் தடிப்பில் அப்படித் துடிக்காது என்று எனக்கே தெரியும். டாக்டர் அந்த மணிகளை அளந்து அளந்து பதிவு செய்தார், எத்தனை பேர் வெளியே என்று அதற்குப் பிறகு கேட்கவே இல்லை.

அக்கா படுத்தபடியே திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வயரில் எது எங்கே போகிறது என்று தினமும் பார்க்கிற கண். இது அக்கி இல்லையா என்று டாக்டரைக் கேட்டார். டாக்டருக்குத் தமிழ் தடுமாறும், அன்று நிதானமாகப் பேசினார். அக்கியாகத் தெரியவில்லை, சதை எடுத்துச் சோதித்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும், பழைய நோய் தோலுக்கு வந்திருக்கலாம், அப்படி வருவது ரொம்ப அபூர்வம், அதனால்தான் தேட மாட்டோம் என்று சொன்னார். ரிப்போர்ட்டை மாற்றி எழுதித் தருகிறேன், திங்கட்கிழமையே பெங்களூர் போங்கள் என்றார்.

திங்கட்கிழமை என்ற வார்த்தையைக் கேட்டதும்தான் அக்காவின் முகம் மாறியது. அன்னிக்கு டூட்டி எனக்கு என்று என்னைப் பார்த்துச் சொன்னார். கணவரை உள்ளே கூப்பிட்டோம். அவர் கேட்டுவிட்டு, ஒரு வாரம் கழித்துப் போகலாம், இவள் வேலையில் சேர்ந்துகொள்ளட்டும், விட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள் என்றார். பயத்தில் பேசுகிறார் என்று தெரிந்தது, ஆனாலும் எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. அக்கா புடவையைச் சரிசெய்துகொண்டு இறங்கினார். வயருக்கு என்ன, எப்ப வேணா கட்டலாம், திங்கக்கெழம நீ வண்டிய எடு, போலாம் என்றார். அத்தோடு பேச்சு முடிந்தது.

சர்வீஸ் ஆள் மதியம் வந்தார். டிஸ்க்கைத் துடைக்கப் போனார். இந்த ஒன்றை விடுங்கள் என்றேன். விதிப்படி எல்லாவற்றையும் காலி செய்ய வேண்டும் என்றார். அப்படியானால் என்னைக் காலி செய்துவிட்டுச் செய்யுங்கள் என்று நாற்காலியை மிஷின் முன் போட்டு உட்கார்ந்துகொண்டேன். என் உடம்பு அந்த ஒரு நாள் உபயோகப்பட்டது. முழு விவரத்தையும் தனியாக ஒரு டிவிடியில் இறக்கி, பெங்களூர் ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போக, புது ரிப்போர்ட்டுக்காகக் காத்திருந்த அக்காவிடம் கொடுத்த பிறகுதான் எழுந்தேன்.

பெங்களூரில் விலாவிலிருந்து ஒரு மணியை எடுத்துச் சோதித்தார்கள். இரைப்பையில் இருந்த அதே நோய். பிறகு சர்க்கரை கலந்த மருந்தை ஏற்றி உடம்பு முழுக்கப் பார்க்கும் பெட் ஸ்கேன் எடுத்தார்கள். ஈரல், நுரையீரல், எலும்பு எதிலும் ஒன்றும் பெரிதாக இல்லை. இடப்பக்கத் தோல்தான் ஒரு பட்டையாக ஒளிர்ந்தது, நாங்கள் பார்க்காத இடத்தில், தோள்பட்டைக்குப் பின்னால் இன்னொரு சின்னப் புள்ளியும் இருந்தது. உள்ளுறுப்புகளை விட்டுவிட்டுத் தோலில் மட்டும் இப்படி அக்கி மாதிரி வருவதைத் தாங்களே அதிகம் பார்த்ததில்லை என்று அங்கே சொன்னார்களாம். இதை அக்கா எனக்குப் போன் செய்து சொன்னார். குணமாக்க முடியுமா என்று அவரே அங்கே டாக்டரைக் கேட்டாராம். அடக்கி வைக்கப் பார்ப்போம் என்றார்களாம். மறு வாரமே புற்றுநோய் மருந்தை டிரிப்பில் ஏற்ற ஆரம்பித்தார்கள்.

நான் அன்றிலிருந்து வட்டத்தைத் தோலுக்கு வெளியே இரண்டு விரல் விட்டுத்தான் போடுகிறேன். உறுப்புகளைப் பெரிதாகப் பார்க்க வேண்டுமென்றால் அதற்குத் தனியாக இன்னொரு செட் செய்து அனுப்புகிறேன். வேலை இரட்டிப்பு. கூட வேலை பார்க்கிறவர்கள் முணுமுணுக்கிறார்கள், முணுமுணுக்கட்டும். ஒரு படம் தோல் இல்லாமல் போனால் அன்று யார் டூட்டி என்று கேட்டு நேராகப் போய் நிற்பேன். டாக்டரும் ஒரு வார்த்தை சொல்வதில்லை. படிவத்தில் அக்கி, சேற்றுப்புண், தேமல் என்று நம் ஊர்ப் பெயரில் எழுதினால் பக்கத்தில் அது உடம்பில் எங்கே, எத்தனை நாளாக, வலிக்கிறதா என்று எழுதாமல் நான் விடுவதில்லை.

ஆனால் ஒன்றை அக்காவிடம் சொல்லாமல் வைத்திருந்தேன். அந்தச் சனிக்கிழமைக்கு அடுத்த வாரம், ஆறு மாதத்துக்கு முன் அக்காவுக்கு நான் எடுத்த பழைய ஸ்கேனைத் தேடி எடுத்துப் பார்த்தேன். அதிலும் உறுப்புகள் பெரிதாக, பளிச்சென்று இருந்தன. இடப்பக்கம் படம் தோலுக்குக் கொஞ்சம் உள்ளேயே முடிந்திருந்தது. அதையும் நான்தான் இறுக்கியிருந்தேன். அதன் முழு விவரம் அழிந்து எத்தனையோ நாளாயிற்று. அன்றைக்கே தோல் தடிக்க ஆரம்பித்திருந்ததா, இல்லையா என்று இனி எந்த மிஷினாலும் சொல்ல முடியாது. டாக்டரிடம் காட்டினேன். விட்டுவிடும்மா, சொல்லி என்ன ஆகப் போகிறது என்றார். அவர் நல்லதுக்குத்தான் சொன்னார். எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த அம்மாவின் உடம்பு, அதில் ஆறு மாதம் போயிருக்கலாம் என்றால் அதைத் தெரிந்துகொள்ள முதல் உரிமை அவருக்குத்தான் என்று முடிவு செய்தேன்.

நாலு டிரிப் முடிந்து, மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க அக்காவை ஸ்கேனுக்கு அனுப்பினார்கள். பெங்களூரிலேயே எடுக்கலாம் என்றிருக்கிறார்கள். இல்லை, எங்க ஊர்லயே எடுத்துக்கறேன் என்று இங்கே வந்தார். தலையில் துண்டு, முகம் ஒடுங்கியிருந்தது, நடை மட்டும் பழைய நடை. கவுன் மாற்றும் அறையில் அவர் இடப்பக்கத்தைப் பார்த்தேன். சிவப்பு மங்கியிருந்தது. கிள்ளிப் பார்த்தேன், தோல் கொஞ்சம் விரலுக்கு வந்தது. படுக்க வைப்பதற்கு முன், கதவைச் சாத்திவிட்டு, எல்லாவற்றையும் சொன்னேன். பழைய படத்தையும் நான் வெட்டியிருக்கிறேன், அப்போதே இருந்திருக்கலாம், இருந்தால் ஆறு மாதத்தை நான் தொலைத்திருக்கிறேன், மன்னியுங்கள் என்று கேட்டேன். அழக் கூடாது என்றுதான் உள்ளே போனேன், அழுதுவிட்டேன்.

அவர் கவுனின் கயிற்றைக் கட்டினார். கட்டிய முடிச்சு பிடிக்கவில்லை போல, அவிழ்த்து மறுபடி கட்டினார். எனக்கு அவர் திட்டிவிட்டால் தேவலை என்றிருந்தது. பிறகு தானாகப் போய் மேஜைமேல் படுத்து, இடக்கையைத் தலைக்கு மேல் தூக்கி வைத்துக்கொண்டார்.

"அன்னிக்கு இருந்துச்சா இல்லியான்னு உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இன்னிக்கு இருக்குது. இன்னிக்கு இருக்கறத ஒளுங்கா பாரு."

நான் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன்.